நான்காவது சிரட்டை

மலையடிவாரத்தில், காட்டாற்றின் கரையில் ஒரு மடம். மடம் என்றதும் கோபுரமும் யானையும் இருக்குமென்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டுக் கட்டடம் இரண்டு, ஒரு சமையல்கட்டு, ஒரு பழைய ஜீப், பத்துப் பதினைந்து சீடர்கள். அவ்வளவுதான் மடம். அக்கரையில் மலைக்குடியிருப்புகள் இருந்தன. பாலம் வருகிறது, வருகிறது என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் சொன்னார்கள். தேர்தல்தான் வந்தது. அதனால் ஆற்றின் குறுக்கே வடம் கட்டி, ஆட்களை இக்கரைக்கும் அக்கரைக்கும் கொண்டு சேர்ப்பதையே அந்த மடம் பூசையாகவும் தியானமாகவும் வைத்துக்கொண்டிருந்தது.

மடத்துக்குத் தலைமை உலகம்மை. வயது நாற்பதைத் தொடவில்லை. சீடர்களில் பாதிப்பேர் அவரைவிட மூத்தவர்கள். அவர்களை அவர் அண்ணாச்சி, அக்கா என்று கூப்பிடுவார். அவர்கள் அவரை அம்மா என்பார்கள். முறை கொஞ்சம் குழப்பம்தான். அதைப் பற்றி அங்கே யாரும் அலட்டிக்கொள்ளவில்லை.

சேர வருகிறவர்களுக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. வெளியே என்ன உத்தியோகம் பார்த்தோம் என்பதை மடத்துக்குள் சொல்லக் கூடாது. கலெக்டரானாலும் சரி, கல் உடைத்தவரானாலும் சரி, அதை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். இன்னொன்று, சிரட்டை வழக்கம்.

ஆவுடையப்பன் வந்த அன்று உலகம்மை அவர் முன்னால் நான்கு கொட்டாங்கச்சிச் சிரட்டைகளை வரிசையாக வைத்தார். கை நிறையப் புளியங்கொட்டையை அள்ளிக் கொடுத்தார்.

"ஒரு சிக்கல் வருதுன்னு வச்சுக்கோங்க அண்ணாச்சி. சும்மா நின்னு பாக்கிறவங்க உண்டு. நாலு பேர்கிட்ட கேக்கிறவங்க உண்டு. எண்ணிக் கணக்குப் போடுறவங்க உண்டு. சட்டுன்னு துணிஞ்சு முடிவெடுக்கிறவங்க உண்டு. எல்லாருக்குள்ளயும் நாலும் இருக்கும். உங்களுக்கு எது கூட, எது குறைச்சல்? அதுக்குத் தக்கன கொட்டையப் பங்கு வச்சுப் போடுங்க."

"எது உசத்திம்மா?"

"உசத்தி ஒண்ணும் கிடையாது. எந்தச் சிரட்டை நிறைஞ்சிருக்கோ அந்த வேலையை ஊருக்காகச் செய்வீங்க. எது குறைஞ்சிருக்கோ அதைத் தினமும் பழகுவீங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். யோசிச்சுப் போடுங்க."

சொல்லிவிட்டு உலகம்மை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போடும்போது பார்க்கக் கூடாது என்பது அவர் ஒழுங்கு.

ஆவுடையப்பன் யாரென்று நமக்குத் தெரிவதில் தவறில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு வாத்தியாராக இருந்தவர். எண்ணாமல் மூச்சுகூட விடமாட்டார் என்று பிள்ளைகள் கேலி பேசுவார்கள். செருப்பு வாங்கப் போனால் மூன்று கடை ஏறி இறங்கி, விலையையும் தோலையும் ஒப்பிட்டு, கடைசியில் பழைய செருப்பையே தைத்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவார். அவர் மனைவி செண்பகவடிவு வாசலிலேயே நின்று சிரிப்பாள்.

அந்தச் செண்பகவடிவுக்கு ஒருநாள் மத்தியானம் நெஞ்சு வலித்தது. ஆவுடையப்பன் அவள் கையைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து நாடியை எண்ணினார். ஒழுங்காகத்தான் ஓடியது. வாயுவாக இருக்கும், அரை மணி நேரம் பொறுத்துப் பார்ப்போம் என்றார். மறுபடியும் எண்ணினார். மூன்றாம் முறை எண்ண உட்கார்ந்தபோது எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை.

இப்போது கையில் புளியங்கொட்டையை வைத்துக்கொண்டு அவர் மூன்றாவது சிரட்டையைப் பார்த்தார். எண்ணுகிறவர்களின் சிரட்டை. அதில் ஒரே ஒரு கொட்டையைப் போட்டார். முதல் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் போட்டார். மிச்சம் அத்தனையையும் நான்காவதில் கொட்டினார். கொட்டும்போது சத்தம் கேட்டது.

உலகம்மை திரும்பிப் பார்த்தார்.

"துணியிற ஆளா நீங்க? நல்லதாப் போச்சு. மடத்துல அதுக்குத்தான் ஆள் இல்ல."

ஆவுடையப்பன் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. எண்ணும் சிரட்டை குறைந்திருந்ததால், அவர் தினமும் எண்ணப் பழக வேண்டும் என்று ஆயிற்று. காலையில் சமையல்கட்டில் எத்தனை பேர் சாப்பாட்டுக்கு எத்தனை படி அரிசி என்று அவர்தான் கணக்குச் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா நடத்திய மனுஷன். விரலை மடக்கி, நெற்றியைச் சுருக்கி, உதட்டுக்குள் முணுமுணுத்து, வேண்டுமென்றே கால்படி குறைத்துச் சொல்வார். சோறு பற்றாது. பற்றாத நாளில் எனக்குப் பசியில்லை என்று அவரே பந்தியை விட்டு எழுந்துவிடுவார்.

"பரவாயில்ல அண்ணாச்சி, போகப்போக வந்துரும்" என்று உலகம்மை தேற்றுவார்.

அமாவாசைக்கு அமாவாசை சிரட்டைகளை வெளியே எடுத்து வைப்பார்கள். ஒரு மாதத்தில் மனசு மாறியிருந்தால் கொட்டைகளை மாற்றிப் போடலாம். ஒவ்வொரு தடவையும் ஆவுடையப்பன் தன் சிரட்டைகளுக்கு முன்னால் போய் நிற்பார்.

"மாத்தணுமா அண்ணாச்சி?"

"வேண்டாம்மா."

"சரி."

அந்தச் 'சரி'யை அவர் ராத்திரி முழுக்கப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். அம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆள் வாசலில் கால் வைக்கும்போதே நெஞ்சுக்குள் இருப்பதைப் படித்துவிடுவார் என்றல்லவா மடத்தில் எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள். தெரியும். தெரிந்துதான் விட்டுவைத்திருக்கிறார். இது ஏதோ பாடம். நேரம் வரும்போது அவரே கூப்பிட்டுச் சொல்வார். இப்படி நினைத்துக்கொண்டால் ஆவுடையப்பனுக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது. குருவுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிற சீடனுக்கு இது ஒரு வசதி. பொய் சொன்னாலும் பொய் சொன்ன மாதிரியே இருக்காது.

இப்படியே இருந்தபோது, துணிகிற ஆள் என்பதால் அவரைக் கரைக்காரராக நியமித்தார்கள்.

கரைக்காரர் வேலை இதுதான். வடத்தைப் பிடித்து ஆற்றில் வருகிறவருக்குக் கண் முழுக்கக் காலடியில் இருக்கும், மேலே என்ன வருகிறதென்று பார்க்க முடியாது. அக்கரையில் நிற்பவர்களுக்கும் தெரியாது. அந்தப் பக்கம் ஆறு வளைகிற இடத்தில் பெரிய குன்று மறைக்கிறது. இக்கரையில் உள்ள உயரமான பாறையில் ஏறி நின்றால் மட்டும் மேலாறு தெரியும். அங்கே நிற்பவர் துண்டை உயர்த்தினால் வரலாம். இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கே வைத்தால் வரக் கூடாது. தண்ணீர்ச் சத்தத்தில் குரல் எடுபடாது. அதனால் கரைக்காரர் கை காட்டியதுதான் தீர்ப்பு. அதை யாரும் மறுத்துக் கேட்பதில்லை. உலகம்மையும் கேட்பதில்லை.

ஐப்பசி மாதம் அது. அக்கரைக் குடியிருப்பில் சடச்சி என்ற பெண்ணுக்கு விடிந்ததிலிருந்து வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று ஆள் வந்து சொன்னான். உலகம்மை உடனே ஆற்றைத் தாண்டிப் போனார். போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனார்.

"தொட்டில் கட்டித் தூக்கிட்டு வாரோம். ஜீப்பைத் திருப்பி நிறுத்தி வையுங்க தளவாய். அண்ணாச்சி, நீங்க பாறையிலயே இருங்க. பொழுது சாயிறதுக்குள்ள அவ ஆஸ்பத்திரியில இருக்கணும். இல்லைன்னா ரெண்டு உசுரும் நமக்கு இல்ல."

தளவாய் மடத்து ஜீப்பை ஓட்டுகிறவர். நல்ல மனுஷன், வாய் மட்டும் சும்மா இருக்காது.

ஆவுடையப்பன் பாறையில் நின்றார். தலைக்கு மேல் வானம் வெள்ளையாகக் கிடந்தது. மலை உச்சியில் மட்டும் கறுப்பாக மூடியிருந்தது. பாறைக்கு நேர் கீழே, தண்ணீருக்குள் ஒரு கல். அதில் சுண்ணாம்பால் கோடுகள் போட்டிருந்தார்கள், கோட்டுக்குக் கோடு ஒரு விரற்கடை. அவர் வந்து நின்றபோது தண்ணீர் கீழ்க்கோட்டுக்கும் கீழே ஓடியது.

எண்ணக் கூடாது என்றுதான் இருந்தார். மனசு கேட்டால்தானே. ஒன்று, இரண்டு என்று உள்ளே ஓட ஆரம்பித்துவிட்டது.

முதல் கோடு நனைய எண்ணூறு எண்ண வேண்டியிருந்தது. அடுத்த கோடு நானூறில் நனைந்தது. தண்ணீரில் பச்சை இலைகள் மிதந்து வந்தன. மூன்றாவது கோட்டுக்கு இருநூறுகூடத் தாங்கவில்லை.

அப்போதுதான் அக்கரையில் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். முன்னால் உலகம்மை. பின்னால் சடச்சியின் புருஷன் மாதனும் அவன் தம்பியும், மூங்கில் கழியில் போர்வையைத் தொட்டிலாகக் கட்டித் தூக்கியிருந்தார்கள். தொட்டிலுக்குள் இருந்தவள் ஒரு கையை வெளியே நீட்டிக் கழியை இறுக்கிப் பிடித்திருந்தாள். உலகம்மை வடத்தில் கை வைத்தார். நிமிர்ந்து பாறையைப் பார்த்தார்.

வரலாமா?

தொட்டிலோடு ஆற்றைத் தாண்ட எண்ணூறு ஆகும். தண்ணீர் இப்போது ஏறுகிற வேகத்துக்குப் பாதி தூரத்தில் பிடித்துவிடும். கணக்கு அவ்வளவு சுத்தமாக வந்து நின்றது. வரக் கூடாது. கையைக் குறுக்கே வைக்க வேண்டும்.

அவர் கை பாதி எழுந்தது. எழுந்த கை நின்றுவிட்டது.

பொறுத்துப் பார்ப்போம். அன்றைக்கும் இதைத்தானே சொன்னேன். அன்றைக்கும் கணக்கு சுத்தமாகத்தான் வந்தது. செண்பகவடிவு பாயில் கிடந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளே. பாவி, மறுபடியும் எண்ணிக்கொண்டு நிற்கிறாயே. நான் துணிகிறவன் என்று சொன்னவன். அம்மா அதை நம்பித்தானே... இல்லை, அம்மாவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் இங்கே நிறுத்தியிருக்கிறார். தப்பென்றால் அவர் இறங்கவே மாட்டார்.

ஆவுடையப்பன் துண்டை உயர்த்தினார்.

உலகம்மை ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினார். முதலில் அவர் தனியாக வந்து, தரை பிடிக்கிறதா என்று பார்த்து, அப்புறம் தொட்டிலை வரச் சொல்வதுதான் வழக்கம். ஆனால் மாதனுக்கு அவசரம். அவனும் முழங்கால் தண்ணீர் வரை தொட்டிலோடு இறங்கிவிட்டான்.

உலகம்மை நடு ஆற்றுக்கு வந்தபோது மேலாற்று வளைவில் தண்ணீர் நிறம் மாறியது. செம்மண் கரைத்த மாதிரி ஒரு சுவர் வந்தது. அதன் மேல் வேரோடு ஒரு மரம்.

ஆவுடையப்பன் இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கே அடித்தார். தொண்டை கிழியக் கத்தினார். மாதன் பார்த்துவிட்டான். தொட்டிலைத் தூக்கிக்கொண்டு இருவரும் பின்னால் ஓடிக் கரையேறினார்கள். உலகம்மை பார்க்கவில்லை. அவர் கண் காலடியில் இருந்தது.

வெள்ளம் அவரைத் தூக்கியது. வடம் வில்லாக வளைந்தது. இரண்டு கையாலும் வடத்தைக் கட்டிக்கொண்டு அவர் தண்ணீரின் மேல் துணி மாதிரி அலைந்தார். மரம் வந்து இடித்துவிட்டுப் போயிற்று. கை விடவில்லை. ஒரு கை மாற்றி ஒரு கை வைத்து இழுத்து இழுத்து வந்தார். தளவாய் மார்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டார். ஆவுடையப்பன் பாறையிலிருந்து எப்படிக் குதித்தார் என்று அவருக்கே தெரியாது. இருவரும் உலகம்மையைப் பிடித்து மணலில் இழுத்துப் போட்டார்கள்.

இடது கால் முழங்காலுக்குக் கீழே ஒரு மாதிரி திரும்பிக் கிடந்தது.

"சடச்சி?" என்றார் உலகம்மை.

"அக்கரையில இருக்கா. கரையேத்திட்டாங்க" என்றார் தளவாய்.

உலகம்மை கண்ணை மூடிக்கொண்டார். தளவாய் ஜீப்பிலிருந்து மரச்சட்டத்தையும் துணியையும் எடுத்துவந்து காலைக் கட்டினார். பேசிக்கொண்டேதான் கட்டினார். கரையில் நிற்கிற ஆளுக்குக் கண் எங்கே போயிற்று என்று கேட்டார். ஆவுடையப்பன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்.

தளவாய் தண்ணீர் கொண்டுவரப் போனதும் அவர் வாயைத் திறந்தார்.

"அம்மா, சிரட்டையில நான் போட்டது பொய்."

உலகம்மை கண்ணைத் திறந்தார்.

"என்ன பொய்?"

"நான் துணியிற ஆளு இல்ல. கணக்கு வாத்தியார். எல்லாத்தையும் எண்ணிப் பாக்கிறவன். அரிசிக் கணக்குல தப்பு விட்டதுகூட வேணும்னுதான்."

ஆவுடையப்பன் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியாது."

"தெரிஞ்சுதானே என்னை இங்க நிறுத்துனீங்க?"

"சத்தியமாத் தெரியாது அண்ணாச்சி. நீங்க சொன்னீங்க. நான் நம்புனேன்."

ஆவுடையப்பனுக்கு மணல் கீழே இறங்குவது போலிருந்தது. இத்தனை மாதமும் பிடித்துக்கொண்டு தூங்கியது அந்த ஒரு நினைப்பைத்தான்.

"ஆளைப் பாத்ததுமே உள்ள இருக்கிறதைச் சொல்லிருவீங்கன்னு எல்லாரும்..."

"நான் சொன்னேனா?"

ஆவுடையப்பன் மணலைப் பார்த்தார்.

"தெரிஞ்சிருந்தா" என்றார் உலகம்மை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டார், கோபமும் அதில் இருந்தது. "தெரிஞ்சிருந்தா அந்தப் பிள்ளைத்தாச்சியை உங்க துண்டை நம்பித் தண்ணிக்குக் கூட்டிட்டு வந்திருப்பேனா?"

ஆறு இரைந்தது.

"இன்னைக்கு எண்ணுனீங்களா?"

"எண்ணுனேன்."

"என்ன வந்துச்சு?"

"வரக் கூடாதுன்னு வந்துச்சு."

"அப்பொறம் ஏன் தூக்குனீங்க?"

ஆவுடையப்பன் சொன்னார். மத்தியானத்தையும் நாடியையும் அரை மணி நேரத்தையும் சொன்னார். அழுதுகொண்டே சொன்னார். அதுவரைக்கும் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

உலகம்மை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விடவில்லை.

"அந்த அக்காவுக்கு ஆனது கொடுமை" என்றார். "ஆனா சடச்சிக்கு அதெல்லாம் தெரியாதுல்லா."

அக்கரையில் மாதன் வேட்டித் துணியை ஆட்டினான். நிறுத்தினான். மறுபடியும் ஆட்டினான். தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது. தளவாய் ஓடிவந்தார்.

"கேக்கான். வரவான்னு கேக்கான். அங்க அவ துடிக்கா போலிருக்கு."

உலகம்மை முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. கிடந்த இடத்திலிருந்து அவருக்கு மேலாறு தெரியவில்லை.

"பாறைக்குப் போங்க அண்ணாச்சி."

"நானா?"

"கால் ஒடிஞ்சது எனக்கு. உங்களுக்கு இல்லையே."

"தளவாய் போகட்டும்மா. என்னை விட்டுருங்க."

"தளவாய் ஜீப் ஓட்டணும். போங்க. பொழுது இறங்குது."

ஆவுடையப்பன் பாறையில் ஏறினார். கீழே கல்லைப் பார்த்தார். மூன்றாவது கோடு தெரிந்தது. இரண்டாவது இன்னும் தண்ணீருக்குள் இருந்தது. அவர் வாய்விட்டே எண்ண ஆரம்பித்தார். இந்தத் தடவை ஒளிக்கவில்லை.

"என்னவே எண்ணிக்கிட்டு இருக்கீரு?" என்று தளவாய் கீழேயிருந்து கத்தினார். "வரச் சொல்லும். அவன் கை ஆட்டியே கை ஒடிஞ்சு போவான்."

ஆவுடையப்பன் எண்ணிக்கொண்டிருந்தார். தண்ணீர் இறங்கியது, இன்னும் இறங்கியது. பிறகு இறங்குவது நின்றது. கோட்டில் அப்படியே நின்றது. வளைவில் மறுபடியும் இலை மிதந்தது.

அவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கே வைத்தார்.

மாதன் நம்பவில்லை. துணியைத் தரையில் அடித்தான். தம்பியோடு தொட்டிலைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் ஓரம் வரை வந்துவிட்டான். ஆவுடையப்பன் கையை இறக்கவில்லை. அவள் சாகிறாளே என்று அவனும் கத்தியிருப்பான். கேட்கவில்லை, ஆனால் வாய் திறந்து மூடியது தெரிந்தது. தளவாய் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார். ஆவுடையப்பனுக்குக் கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை. இரண்டு கையும் மேலே இருந்தன.

மணலில் கிடந்த உலகம்மை அவர் கையைப் பார்த்தார்.

இரண்டாவது வெள்ளம் வந்தது. முதல் வெள்ளத்தைவிடச் சின்னது. ஆனாலும் மாதன் நின்ற இடத்துக்கு மேலே அடித்துக்கொண்டு போயிற்று. அவன் தடுமாறிப் பின்னால் போய், தொட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். தளவாய் வாயை மூடிக்கொண்டார்.

அப்புறம் தண்ணீர் இறங்கியது. கோடு ஒன்று வெளியே வந்தது. வெயில் மலை மேல் ஏறிவிட்டது. பொழுது இனி அதிகமில்லை. ஆவுடையப்பன் கல்லைப் பார்த்தார், வளைவைப் பார்த்தார், உச்சியில் இருந்த மேகத்தைப் பார்த்தார். மேகம் கலைந்திருந்தது மாதிரியும் தெரிந்தது, கலையாத மாதிரியும் தெரிந்தது. கணக்கு இந்தத் தடவை சுத்தமாக வரவில்லை. இன்னும் எண்ணூறு எண்ணினால் உறுதியாகத் தெரிந்துவிடும். தொட்டிலுக்கு வெளியே தெரிந்த கை இப்போது கழியைப் பிடித்திருக்கவில்லை. தொங்கியது.

ஆவுடையப்பன் எண்ணுவதை நிறுத்தினார். துண்டை உயர்த்தினார்.

மாதன் அவரையே பார்த்தான். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இறங்கினார்கள். ஆவுடையப்பன் வளைவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தண்ணீர் அவர்கள் இடுப்பு வரை வந்தது, நெஞ்சு வரை வந்தது. தொட்டிலைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். நடு ஆற்றில் தம்பிக்குக் கால் வழுக்கியது. வடத்தைப் பிடித்துக்கொண்டான். வளைவில் ஒன்றும் வரவில்லை. தளவாய் போய்த் தொட்டிலின் முன்பக்கத்தை வாங்கிக்கொண்டார்.

கரை சேர்ந்துவிட்டார்கள்.

சடச்சியை ஜீப்பின் பின்சீட்டில் கிடத்தினார்கள். முகம் வெளிறியிருந்தது. உலகம்மையைத் தூக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் சாய்த்து வைத்தார்கள். உலகம்மை அவள் வயிற்றில் உள்ளங்கையை வைத்துக் குனிந்திருந்தார்.

"அசையுது" என்றார்.

மாதன் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு விம்மினான். தளவாய் என்ஜினைப் போட்டார். உறுமிவிட்டு நின்றது. மறுபடியும் போட்டார்.

ஆவுடையப்பன் பாறையிலிருந்து இறங்கி ஜீப்பின் பக்கம் வந்து நின்றார். மேலெல்லாம் சேறு. துண்டு கையிலேயே இருந்தது.

"அம்மா, நாளைக்கு அமாவாசை."

"ஆமா."

"மொதல்ல எண்ணுனேன், கணக்கு சொன்னதைக் கேக்கல. அப்பொறம் எண்ணுனேன், கேட்டேன். கடைசியில எண்ணாமலே துண்டைத் தூக்கிட்டேன்." துண்டைத் தோளில் போட்டார். "கொட்டையை எதுல போடன்னு எனக்கே தெரியல. நான் எண்ணுறவனா, துணியிறவனா? நீங்களே சொல்லிருங்க."

என்ஜின் பிடித்துக்கொண்டது. ஜீப் குலுங்கியது. உலகம்மை சடச்சியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"எனக்கெப்படி அண்ணாச்சி தெரியும்? நான் உங்களைக் கேட்டுல்லா ஆத்துல இறங்குதேன்."